வயிறு குளிர வந்தவர்கள்

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே ஒரு தீவில் இருக்கும் லாயே ஊரில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நின்றால்தான் அது செய்தி. அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் நின்றது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் மாரிவிக் சந்தைக்குப் போனாள், வலது கையில் ஏழு தையலோடு திரும்பி வந்தாள்.

அவள் புருஷன் அர்னெல், மரம் ஏற்றும் லாரிகளுக்கு டீசல் மெக்கானிக். இரண்டு பேருக்கும் ஊர் பிலிப்பைன்ஸில் இலோய்லோ. கல்யாணமாகிப் பதினொரு வருஷம். அதில் ஒரே கூரையின் கீழ் இருந்தது பத்தொன்பது மாதம், அதுவும் இங்கே, கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸில். மற்றதெல்லாம் அவன் ஒரு நாட்டிலும் அவள் ஒரு நாட்டிலுமாக போனில் நடத்திய குடித்தனம். பிள்ளை இல்லையா என்று யாராவது கேட்டால், "போன் வழியா அது மட்டும் வரமாட்டேங்குது" என்று மாரிவிக் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

குவார்ட்டர்ஸ் என்பது எட்டு வீடு. சுற்றிலும் இரண்டு ஆள் உயரத்துக்கு வேலி, மேலே முள்கம்பிச் சுருள், ஒரே ஒரு இரும்பு கேட். ஒவ்வொரு வீட்டிலும் படுக்கையறைக்கு மட்டும் தனியாக ஓர் இரும்புக் கதவு, உள்ளே சுவரில் சிவப்புப் பொத்தான். அமுக்கினால் சைரன் ஊதும். பத்து நிமிஷத்தில் நாயும் துப்பாக்கியுமாக காவல் வண்டி வந்து நிற்கும் என்று ஒப்பந்தம். இந்த ஊர் ரோட்டுக் குழிகளைப் பற்றி ஒப்பந்தம் எழுதினவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

புதிதாக வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு கிளென் வகுப்பு எடுப்பார். ஆஸ்திரேலியாவில் போலீஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கம்பெனியின் பாதுகாப்பு அவர் பொறுப்பு. காரில் ஏறின உடனே கதவைப் பூட்டு. ஒரே வழியில் இரண்டு நாள் போகாதே. ரோட்டில் ஆள் விழுந்து கிடந்தாலும் வண்டியை நிறுத்தாதே. கழுத்தில் காதில் மினுக்காதே. பையைக் கேட்டால் கொடுத்துவிடு, பையில் உயிர் இல்லை. மாரிவிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் ஜீப்னி என்கிற நெரிசல் வண்டியில் தொங்கி வளர்ந்த இலோய்லோப் பெண்ணுக்கு, பை வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்வது தானாக வரும் பழக்கம். சந்தையில் அந்தச் சுற்றுதான் அவளைச் சேற்றில் குப்புறத் தள்ளியது. பின்னாலிருந்து ஒருத்தன் இழுத்தான். பை வரவில்லை, ஆள் வந்தாள். வாரை அறுக்க வந்த கத்தி கையையும் சேர்த்து அறுத்துவிட்டது; பையோடு அவன் ஓடிவிட்டான்.

அவள் போனது சர்க்கரைவள்ளிக் கொழுந்து வாங்க. சந்தையின் பின்வரிசையில் சாக்கு விரித்து டோர்கஸ் என்கிற அம்மாள் கீரை விற்பாள். மாரிவிக்குக்கென்று இளங்கொழுந்தாகக் கிள்ளி, ஈர வாழையிலையில் சுற்றி, தன் காலுக்கடியில் ஒளித்து வைத்திருப்பாள். வேறு யாராவது கேட்டால், "அது என் தங்கச்சிக்கு" என்பாள். மாரிவிக் இந்த ஊர்ப் பிசின் பாஷையைப் படித்ததே அந்தச் சாக்கில் குந்தித்தான். பாதுகாப்பு விதிப்படி காவல்காரர் இல்லாமல் பின்வரிசைக்குப் போகக்கூடாது. போனாள்.

கை வலித்தது உண்மைதான். அதைவிட வேறொன்று வலித்தது. போலீஸ்காரர் வந்து, "யாரும் பாத்தீங்களா?" என்று கேட்டபோது, மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த டோர்கஸ் கீழே குனிந்துகொண்டு, "நான் பாக்கல" என்று சொல்லிவிட்டாள். மாரிவிக் அதைக் காதால் கேட்டாள். அர்னெலிடம் அதை மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அர்னெல் இஞ்சி தட்டிப் போட்டு, கோழி போட்டு, குழையக் குழையக் கஞ்சி வைத்தான். மேலே வறுத்த பூண்டைத் தூவி, கிண்ணத்தோடு கட்டிலில் வந்து உட்கார்ந்தான்.

"வாயத் தொற, இண்டாய்."

"எனக்கு இடது கை இருக்கு, நோனோய்." இண்டாயும் நோனோயும் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் செல்லப் பெயர்கள்.

"இடது கையில சாப்பிட்டா சட்டையெல்லாம் கஞ்சி. அப்புறம் தொவைக்கிறது யாரு? நான்தானே?"

அவள் வாயைத் திறந்தாள். விழுங்கிவிட்டு, "உப்பு பத்தல" என்றாள்.

"நேத்து முழுக்க அழுதியே, அதுல கொஞ்சம் விழுந்திருக்கும்னு நெனச்சு கம்மியாப் போட்டேன்."

அவள் சிரித்தாள். சிரித்தால் தையல் இழுத்தது. இன்னொரு கரண்டி வந்தது. அதை வாயில் வாங்கும்போதே அவன் முகம் சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னமோ சொல்ல வர்ற. சொல்லு."

"கிளென்கிட்ட பேசிட்டேன். வியாழக்கிழமை காலையில மோர்ஸ்பிக்கு பிளைட். அங்கேருந்து மணிலா."

"யாருக்கு?"

"உனக்கு."

"உனக்கு?"

"எனக்குக் காண்ட்ராக்ட் இன்னும் ரெண்டரை வருஷம் இருக்கு."

அவள் கரண்டியைப் பிடித்திருந்த கையைத் தள்ளிவிட்டாள். கஞ்சி போர்வையில் சிந்தியது.

"பதினொரு வருஷத்துல பத்தொன்பது மாசம். அதையும் திருப்பி எடுத்துக்கப் போறியா?"

"இண்டாய், சனிக்கிழமை நான் ஒரு இன்ஜினுக்கு அடியில படுத்திருந்தேன். போன் வந்துச்சு. 'உன் சம்சாரம்'னு ஆரம்பிச்சான். அப்புறம் ஒரு மூச்சு விட்டான். அந்த மூச்சு விட்ட நேரத்துக்குள்ள நான் உன்னப் பொதச்சிட்டு வந்துட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

"எங்க அம்மா தெருவுல திருடன் இல்லையா? ரெண்டு தடவை என் போனப் பிடுங்கியிருக்கான்."

"பிடுங்கினான். மறுநாளே உன் அண்ணன் போயி அவன் வீட்டு வாசல்ல நின்னான், உன் சித்தப்பா நின்னாரு, தெருவே நின்னுச்சு. இங்க நமக்கு யாரு இருக்கா? அத்துவானத்துல வந்து பொழைக்கிற ஆளுங்க நாம. நமக்காக யாரு வந்து நிப்பா, சொல்லு?"

அவளுக்குப் பதில் இருந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தது. இப்போது அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை. அவன் போர்வையைத் துடைத்துவிட்டு, ஆறிப்போன கஞ்சியை மறுபடி சுடவைத்து எடுத்து வந்தான். இருவரும் அதைப் பங்கிட்டு முடித்தார்கள். அவன் அவளை நேசிக்காமல் அனுப்பவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. சண்டை போட ஆள் வேண்டுமே.

திங்கட்கிழமை சாயங்காலம், அர்னெல் வேலை முடிந்து வந்து கேட்டருகே காவல்காரர் கெப்பாஸோடு வெகுநேரம் பேசிக்கொண்டு நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வந்ததும் கேட்டாள். "ஒண்ணுமில்ல, ஏதோ விக்கிறவங்களாம்" என்றான்.

புதன்கிழமை பெட்டி கட்ட உதவுவதற்கு அர்னெல் மூன்று மணிக்கே வந்துவிட்டான். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் இடது கையால் மடிப்பதும், அவன் அதைப் பிரித்து மறுபடி மடிப்பதுமாக நேரம் போனது. அவளுடைய சமையல் சட்டியைப் பெட்டியில் வைக்கப் போனாள்.

"அது இங்க இருக்கட்டுமே. நான் எதுல சமைக்கிறது?"

"எப்படியோ சமைச்சுக்க. நீதானே போகச் சொன்ன?"

சட்டியை வாங்கி அடுப்படியில் வைக்கப் போன அர்னெல் ஜன்னல் பக்கம் பார்த்தான். பார்த்தவன் சட்டியைத் தொப்பென்று போட்டான்.

ரோட்டு முனையில் ஒரு கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. நாற்பது பேருக்குக் குறையாது. முன்னால் வந்த ஆண்கள் முகத்தில் சேறு அப்பியிருந்தது. தோளில் பச்சைக் கிளைகள். கைகளில் நீளக் கத்திகள். யாரும் பேசவில்லை. நாற்பது பேர் பேசாமல் நடந்து வரும் சத்தத்தை அவன் அதுவரை கேட்டதில்லை.

அவளைத் தோளோடு அணைத்துப் படுக்கையறைக்குள் தள்ளி, இரும்புக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் மூன்றையும் போட்டு, சிவப்புப் பொத்தானில் உள்ளங்கையை வைத்து அமுக்கினான். சைரன் எழுந்து குவார்ட்டர்ஸையே தூக்கியது. அடுத்த நிமிஷம் கெப்பாஸ் ஓடி வந்து கதவைத் தட்டினார்.

"பாஸ்! அமுக்காதீங்க! ஐயோ, அமுக்கிட்டீங்களா?"

"கேட்டப் பூட்டுய்யா! யாரு அவங்க?"

"திங்கக்கிழமையே சொன்னேனே பாஸ்! சந்தைக்காரங்க. மிஸிஸோட வயிறு குளிர வைக்க வர்றாங்க!"

"அதுதான் வேண்டாம்னு சொல்லச் சொன்னேன்ல?"

"அத எப்படி பாஸ் நான் போயிச் சொல்றது?"

மாரிவிக் புருஷனைப் பார்த்தாள். "திங்கக்கிழமையா? விக்கிறவங்கன்னு சொன்ன?"

கெப்பாஸ் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கத்திக் கத்திப் பேசினார். சைரனுக்கு மேலே பேச வேண்டியிருந்தது.

"மிஸிஸ், ரத்தம் சிந்தியாச்சு. சிந்த வெச்சவன் ஆளுங்க பன்னி, கெழங்கு எல்லாம் தூக்கிட்டு வந்து, அடிபட்டவங்க வயித்துல இருக்கிற சூட்டத் தணிக்கணும். மூஞ்சில சேறு வருத்தத்துக்கு, பச்சைக் கிளை சமாதானத்துக்கு. அதுதான் முறை. வேண்டாம்னு சொன்னா என்ன அர்த்தம்? எங்க கோபம் அப்படியே இருக்கு, நேரம் பாத்துத் திருப்பி அடிப்போம்னு அர்த்தம். அந்த வார்த்தைய நான் தூக்கிட்டுப் போனா மொதல்ல என்னத்தான் வெட்டுவாங்க. அதனால நான் ஒண்ணும் சொல்லல. சொல்லலன்னா வரலாம்னு எடுத்துக்கிட்டாங்க."

"நான் நல்ல மனசோடதான்யா சொன்னேன்!" அர்னெல் உள்ளிருந்தே கத்தினான். "பரவாயில்ல, பாவம் கஷ்டப்பட்டவங்க, பன்னியெல்லாம் எதுக்குன்னு…"

இலோய்லோவில் அப்படித்தான். யாராவது எதையாவது நீட்டினால் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான்காம் தடவை வாங்குவதுதான் மரியாதை. இங்கே முதல் வேண்டாமிலேயே சண்டை ஆரம்பமாகிவிடும். இந்த விஷயம் கிளென் வகுப்பில் வராது.

மாரிவிக் முதல் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"இண்டாய், வண்டி வரட்டும்."

"வண்டி வந்தா நாயும் துப்பாக்கியும் வரும். டோர்கஸ் வந்திருந்தா? அவ மேல நாய விடுவாங்க."

"அவங்கள்ல ஒருத்தன்தான் உன்னக் குத்தினவன்!"

"தெரியும்." இரண்டாவது தாழ்ப்பாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு, நோனோய். மூணாவது உசரத்துல இருக்கு, எட்டல. நீ தொற."

அவன் எக்கித் தாழ்ப்பாளைப் பிடித்தான். பிறகு திறந்தான்.

முற்றம் தாண்டி கேட் வரைக்கும் முப்பது அடிதான். நாலு நாளாக அவள் வராந்தாவைத் தாண்டவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டாள். அர்னெல் ஒரு கையில் குடையைப் பிடித்து, மறு கையை அவள் இடுப்பில் வைத்தான். தள்ளவில்லை, இழுக்கவில்லை. அவளே நடக்கட்டும் என்று நின்றான். கெப்பாஸ் கேட்டைத் திறந்தார்.

வெளியே யாரும் நிற்கவில்லை. சைரன் கேட்டதும் நாற்பது பேரும் மழையில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். ஓடினால் குற்றவாளி, நின்றால் சண்டைக்காரன். அதனால் உட்கார்ந்துவிட்டார்கள். கத்திகளைத் தரையில் படுக்கவைத்து மேலே பச்சை இலை போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு கழியில் கால் கட்டிய பெரிய பன்றி உறுமிக்கொண்டிருந்தது. வாழைத்தார்கள், சேப்பங்கிழங்கு, கரும்புக் கட்டு. முன்வரிசையில் டோர்கஸ், நனைந்த கோழி மாதிரி. தலையிலிருந்து வலைப்பை முதுகில் தொங்கியது.

இதைத் தாண்டி மாரிவிக் ஒன்றும் யோசிக்கவில்லை. போய் டோர்கஸுக்குப் பக்கத்தில் அந்த ஈர ரோட்டில் உட்கார்ந்தாள். அர்னெல் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேருக்கும் மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

காவல் வண்டி அப்போதுதான் குழிகளில் குதித்துக் குதித்து வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். ஒருத்தர் கையில் துப்பாக்கி, ஒருத்தர் கையில் நாய். நாய் பன்றியைப் பார்த்துவிட்டு நின்ற இடத்தில் நிற்காமல் துள்ளியது.

"மேடம், எழுந்து உள்ள போங்க!" என்று துப்பாக்கிக்காரர் கத்தினார்.

மாரிவிக் பிசினிலேயே திருப்பிக் கத்தினாள். "இது எங்க வீட்டு விசேஷம்! கூப்பிடாம வந்தது நீங்கதான். அந்த நாயக் கட்டுங்க!"

அவர் இலைகளைப் பார்த்தார். பன்றியைப் பார்த்தார். அவரும் இந்த முறை உள்ள ஒரு ஊரில் பிறந்தவர்தானே. துப்பாக்கியை வண்டிக்குள் வைத்துவிட்டு, நாயையும் ஏற்றிவிட்டு, கெப்பாஸிடம் கை நீட்டி ஒரு பாக்கு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். யாரோ உள்ளே போய் சைரனை நிறுத்தினார்கள்.

டோர்கஸ் மாரிவிக்கின் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, எம்மேல கோவமா?"

"ஆமா."

"நான் பாக்கலன்னு சொன்னதுக்கா?"

"ஆமா. கத்திய விட அது வலிச்சுது."

"நான் பாத்தேன். முதுகப் பாத்த உடனே தெரிஞ்சிடுச்சு. எம் புருஷனோட தம்பி, மைக்கா. அவனுக்கு நான் எத்தன வருஷம் சோறு போட்டிருக்கேன், அந்த முதுகு எனக்குத் தெரியாதா? போலீஸ்கிட்ட கையக் காட்டியிருந்தா கூட்டிட்டுப் போயி அடிச்சு உள்ள போட்டிருப்பாங்க. அவன் உள்ள கிடந்தா உன் வயிறு குளிருமா? வெளியில வந்து உன் மேலதான் கோவமா இருப்பான். நான் வீட்டுக்குப் போயி வெறகுக் கட்டையால அடிச்சேன். சந்தைப் பொம்பளைங்க அத்தன பேரும் அடிச்சாங்க. பன்னி வளத்தது அவன் பொண்டாட்டி. நாலு நாளா அவ அழுகுறா, பன்னிக்கா புருஷனுக்கான்னு தெரியல."

கூட்டத்தில் ஒரு பெண், "ரெண்டுக்கும்தான்!" என்றாள். சிலர் சிரித்தார்கள்.

பின்னாலிருந்து ஒருத்தன் எழுந்தான். முப்பது வயசிருக்கும், நல்ல உயரம், ஒரு கண் வீங்கியிருந்தது. கையில் மாரிவிக்கின் பை. அர்னெல் குடையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். மைக்கா பையை அவள் முன்னால் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் முழங்காலிட்டான்.

"வார மட்டும்தான் அறுக்க நெனச்சேன், அக்கா. நீங்க விடுவீங்கன்னு நெனச்சேன். எல்லா வெள்ளைக்காரங்களும் விட்டுடுவாங்க."

"நான் வெள்ளைக்காரியா?"

அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல. நீங்க எங்க அண்ணியோட வாடிக்கைக்காரங்கன்னும் தெரியாது. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

"தெரியாதவங்களா இருந்தா குத்தலாமா?"

அவன் தோள் குலுங்குவதை மாரிவிக் பார்த்தாள். கோபம் போய்விடவில்லை. ஆனால் இந்த ஆளை இனிக் கனவில் கண்டால் முகம் இருக்கும், வீங்கின கண் இருக்கும். முகமில்லாதவனுக்குப் பயந்துதான் நாலு நாளாகத் தூங்காமல் இருந்தாள்.

டோர்கஸ் அர்னெலை அண்ணாந்து பார்த்தாள். "இப்ப வீட்டு ஆம்பளை பேசணும்."

அர்னெலுக்கு வொர்க்‌ஷாப் பிசின்தான் தெரியும், போல்ட்டு நட்டு அளவுக்கு. மாரிவிக்கைப் பார்த்துத் தங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னான், அவள் மாற்றிச் சொன்னாள்.

"வந்ததுக்கு நன்றி. மன்னிச்சுட்டேன்னு சொல்லு. மனசாரச் சொல்றேன். ஆனா நாளைக்குக் காலையில நீ போற. அதையும் சொல்லு, பொய்யா வாங்கிக்கக் கூடாது."

அவள் சொன்னாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. டோர்கஸ் மாரிவிக்கின் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"எங்க போறா?"

"அவ ஊருக்கு."

"ஏன்?"

"பயம்" என்றான் அர்னெல். இந்த வார்த்தை அவனுக்குப் பிசினில் தெரிந்திருந்தது. "எனக்குப் பயம். இங்க எங்களுக்கு யாரும் இல்ல."

டோர்கஸ் அவனையே பார்த்தாள். பிறகு திரும்பி, ரோட்டில் நனைந்து கிடந்த அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்தாள். "இந்த ஆளுக்குக் கண்ணு தெரியாதா, தங்கச்சி?" என்று கேட்டாள்.

மாரிவிக் அதை மொழிபெயர்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். அவசியமும் இருக்கவில்லை.

"நாங்க பன்னி தூக்கிட்டு வந்தது போறவங்களுக்கு இல்ல" என்றாள் டோர்கஸ் நிதானமாக. "போறவங்களோட என்ன சமாதானம்? இருக்கிறவங்களோடதான் சமாதானம் வேணும். அவ போறான்னா இதத் திருப்பித் தூக்கிட்டுப் போறோம். வெக்கமாத்தான் இருக்கும், பரவாயில்ல. ஆனா அவ இருந்தா, அவ மேல இந்த ஊர்ல எவன் கை வெச்சாலும் அது எங்க மேல வெச்ச மாதிரி. அதுக்காக ஒண்ணுமே ஆகாதுன்னு நான் சொல்லல. எங்களுக்கே நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாது. வந்து நிப்போம். அவ்வளவுதான் எங்களால முடியும்."

கெப்பாஸ் அதை அர்னெலுக்குப் புரியும்படி இங்கிலீஷில் மறுபடி சொன்னார். குடை அவன் கையில் சாய்ந்து, தண்ணீர் மாரிவிக்கின் தலையில் கொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"இண்டாய், நீ என்ன சொல்ற?"

"எனக்குப் பயம் போகல. பயத்தோட தனியா அங்க இருக்கிறதுக்கு, பயத்தோட உன்கூட இங்க இருக்கேன்."

அவன் குடையை மடக்கி டோர்கஸின் கையில் கொடுத்தான். பன்றியின் அருகில் போய்க் குனிந்து, கழியின் ஒரு முனையைத் தோளில் வைத்துத் தூக்கப் பார்த்தான். பன்றி அசையவில்லை. இரண்டு பேர் உதவிக்கு எழுந்தார்கள். அவன் தலையை ஆட்டி அவர்களை நிறுத்திவிட்டு, முழங்காலிட்டிருந்தவனைப் பார்த்து, "நீ வா" என்றான்.

மைக்கா எழுந்து வந்தான். மறு முனையைத் தூக்கினான். அவன் நல்ல உயரம், அர்னெல் குள்ளம். கழி சரிந்து, பன்றியின் பாரம் முழுக்க அர்னெல் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்த மைக்கா அதைப் பார்த்தான். முழங்கால் இரண்டையும் மடக்கி, முதுகை வளைத்து, அர்னெலின் தோளளவுக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டான். அப்படியே குனிந்தபடியே நடந்து, திறந்த கேட்டுக்குள் அவனோடு போனான்.